யாரும் ஊகிக்காத இலக்கம்

போன இதழில் வங்கி அனுப்பும் ஓடிபி பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றின: அந்த ஆறு இலக்கத்தைத் தெரிவுசெய்வது யார், எப்படி? ஆகவே வைரஸ், வைஃபை, பழைய லேப்டொப் பற்றிய கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். வேலை செய்யும் இடத்துக்குத் தெரியக்கூடாது என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லாருக்குமே பெயரை விட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: இறுதியாண்டு புரொஜெக்ட்டுக்காக டொக்டர் சனலிங் (வைத்தியரைப் பார்க்க நேரம் பதியும்) தளம் ஒன்று செய்தேன். நோயாளியின் கைத்தொலைபேசிக்கு ஆறு இலக்கக் குறியீடு போகும். அதைச் சேர்வரில் ஜாவாஸ்கிரிப்டில் எழுந்தமானமாக எண் தரும் மேத்.ரேண்டம் என்ற கட்டளை கொண்டு உருவாக்கினேன். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) விரிவுரையாளர் "இது பிழை" என்று புள்ளியைக் குறைத்துவிட்டார். பத்தாயிரம் குறியீடுகளை அச்சிட்டு எண்ணிப் பார்த்தேன் அக்கா, பூச்சியம் முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஏறக்குறைய சமமாகத்தான் வருகின்றன. இதில் என்ன பிழை? (மாணவி, வெள்ளவத்தை)

தங்கச்சி, நான் விரிவுரையாளர் பக்கம்.

பை என்ற எண்ணை எடுங்கள். 3.14159 என்று ஓடும் அதன் இலக்கங்களைக் கோடிக்கணக்கில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் பூச்சியம் முதல் ஒன்பது வரை ஏறக்குறைய சமம்தான். உங்கள் சோதனையில் பை முதல் தரத்தில் பாஸாகும். ஆனால் அடுத்த இலக்கம் என்ன என்பதை யார் வேண்டுமானாலும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். சமமான பரவல் கணினி விளையாட்டுக்குப் போதும், புள்ளிவிபரவியல் ஒப்படைக்கும் போதும். திருட வருகிறவன் ஏழு எத்தனை தடவை வந்தது என்று கேட்பதில்லை. இவ்வளவும் வந்துவிட்டன, அடுத்தது என்ன என்றுதான் கேட்பான்.

மேத்.ரேண்டம் அவனுக்குப் பதில் சொல்லிவிடும். குரோமுக்கும் நோட்.ஜேஎஸ்ஸுக்கும் பொதுவான வி8 இயந்திரம் 2015 இன் கடைசியிலிருந்து எக்ஸோர்ஷிப்ட்128+ என்ற முறையைப் பாவிக்கிறது. உள்ளே இரண்டு 64 பிட் எண்கள் இருக்கின்றன (பிட் என்பது ஒரு 0 அல்லது 1). ஒவ்வொரு தடவையும் அவற்றை இடமும் வலமும் நகர்த்தி, ஒன்றை மற்றதோடு எக்ஸோர் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்து, ஓர் எண்ணை வெளியே தள்ளுகிறது. வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் வெளியே வந்த சிலவற்றை வைத்து உள்ளே இருக்கும் இரண்டையும் சமன்பாடாகத் தீர்த்துவிடலாம். தீர்த்துக் கொடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தீர்த்த பிறகு இனி வரப்போவதும் தெரியும், ஏற்கனவே போனதும் தெரியும்.

உங்கள் தளத்திலேயே செய்து பார்ப்போம். நான் ஒரு நோயாளியாகப் பதிந்து என் சொந்தத் தொலைபேசிக்குக் குறியீடு கேட்கிறேன். கிடைக்கவில்லை என்று சொல்லி மறுபடியும், மறுபடியும் கேட்கிறேன். ஒவ்வொரு குறியீடும் ஏறக்குறைய 20 பிட் தகவலைக் கசியவிடுகிறது. நான் அறியவேண்டிய மொத்தமே 128 பிட். தேவையான அளவு சேர்ந்ததும் என் பக்கத்து வீட்டு அம்மாவின் தொலைபேசி இலக்கத்தைப் போட்டு "குறியீடு அனுப்பு" என்று அழுத்துகிறேன். எஸ்எம்எஸ் அவருக்குத்தான் போகிறது, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். அவர் எந்த வைத்தியரிடம் போகிறார் என்பது இனி என் திரையில். உங்கள் தளத்தில் நோயாளியின் பழைய ரிப்போர்ட்டும் இருக்குமென்றால் அதுவும்.

இதைப் படித்துப் பைத்தன்காரர் சிரிக்க வேண்டாம். பைத்தனின் ரேண்டம் மொடியூல் மெர்சென் ட்விஸ்டர் என்ற முறையில் ஓடுகிறது. 1997 இல் மகோடோ மட்சுமோட்டோ, டகுஜி நிஷிமுரா என்ற இரு ஜப்பானியர் சிமியுலேஷன் வேலைகளுக்காக உருவாக்கிய அருமையான கருவி. அதன் 32 பிட் வெளியீடுகளில் 624 ஐத் தொடர்ச்சியாகப் பார்த்துவிட்டவனுக்கு அதற்குப் பிறகு வரும் எல்லாமே வெளிச்சம். உருவாக்கியவர்களும் இதை மறைக்கவில்லை. இரகசியக் குறியீட்டு வேலைக்கு அப்படியே பாவிக்கக்கூடாது என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். நாம்தான் வாசிப்பதில்லை.

திருத்துவதற்கு ஒரு வரி போதும். நோட்.ஜேஎஸ்ஸில் கிரிப்டோ மொடியூலின் ரேண்டம்இன்ட், பிரவுசரில் கெட்ரேண்டம்வெல்யூஸ், பைத்தனில் 2016 இல் 3.6 ஆம் பதிப்போடு வந்த சீக்ரெட்ஸ், ஜாவாவில் செக்கியூர்ரேண்டம். இவை தேவையானதை ஒப்பரேட்டிங் சிஸ்டத்திடமிருந்து வாங்கித் தருகின்றன.

வாங்கிய பிறகும் ஓர் இடத்தில் கால் இடறும். ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரை, மொத்தம் 256 பெறுமானங்கள். ஓர் இலக்கம் வேண்டும் என்று அதைப் பத்தால் வகுத்து மீதியை எடுப்பது எல்லாரும் செய்வது. 0 முதல் 249 வரை கணக்குச் சரி, ஒவ்வோர் இலக்கத்துக்கும் 25 பங்கு. மிஞ்சும் 250 முதல் 255 வரையான ஆறும் 0, 1, 2, 3, 4, 5 என்ற இலக்கங்களுக்கே போய்ச் சேருகின்றன. ஆக இந்த ஆறு இலக்கங்களுக்கும் 26 பங்கு, 6 முதல் 9 வரை உள்ளவற்றுக்கு 25 பங்குதான். தீர்வு சுலபம்: 250 அல்லது அதற்கு மேல் வந்தால் எறிந்துவிட்டு இன்னொரு பைட் எடுப்பது. ரேண்டம்இன்ட் இதைத் தானாகவே செய்யும்.

ஓடிபிக்கு இந்தச் சிறு சாய்வால் பெரிய நட்டம் வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் கையொப்பத்தில்தான் அது கொல்லும். கொழும்பில் சேர்வருக்குள் நுழைய அலுவலகத்துக்கு அலுவலகம் பாவிக்கிற பட்டி (PuTTY) என்ற மென்பொருளில் 2024 ஏப்ரலில் ஒரு வழு வெளிவந்தது. ஒரு வகைச் சாவியில், கையொப்பத்துக்கு கையொப்பம் மாறவேண்டிய 521 பிட் இரகசிய எண்ணின் முதல் 9 பிட்டும் எப்போதும் பூச்சியமாகவே இருந்தன. மற்ற 512 பிட்டும் ஒழுங்காகத்தான் இருந்தன. அப்படியும் சுமார் 60 கையொப்பங்களைச் சேர்த்தால் முழுச் சாவியையும் கணக்கிட்டுவிடலாம் என்று ஆகிவிட்டது.

கடைசியாக, ஆறு இலக்கம் என்றால் பத்து இலட்சம் சாத்தியம்தான். எவ்வளவு நல்ல இலக்கத்தைக் கொடுத்தாலும், எத்தனை தடவையும் முயலலாம் என்று விட்டுவைத்தால் ஒரு ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். ஐந்து பிழையான முயற்சியோடு குறியீட்டைச் செல்லாததாக்குங்கள். அப்போது ஊகிப்பவனின் வாய்ப்பு 2 இலட்சத்தில் ஒன்று. வைவாவில் இதையும் சொல்லியிருந்தால் கொஞ்சம் புள்ளி மீண்டிருக்கும்.

கேள்வி: கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். பரிசு வவுச்சரின் இலக்கத்துக்கு ஜாவாவின் ரேண்டம் வகுப்பைப் பாவித்து, அந்த மில்லிசெக்கன் நேரத்தை விதையாக (எண் தொடர் எங்கே தொடங்கவேண்டும் என்று சொல்லும் எண்ணாக) கொடுக்கிறேன். மில்லிசெக்கனை யாரால் ஊகிக்க முடியும்? (புரோகிராமர், தெஹிவளை)

உங்கள் மென்பொருள் அச்சிடும் பில்லை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். மேலே கடையின் பெயர், கீழே திகதி, மணி, நிமிடம், செக்கன். வவுச்சர் பிறந்த செக்கனை நீங்களே அச்சிட்டு வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டீர்கள். ஊகிக்க மிஞ்சியிருப்பது 1,000 மில்லிசெக்கன். பில்லில் செக்கன் இல்லை, நிமிடம்தான் இருக்கிறது என்றால் 60,000. எந்த நேரம் என்றே தெரியாது, நாள் மட்டும் தெரியும் என்றாலும் 8 கோடி 64 இலட்சம். பெரிதாகத் தெரிகிறதா? ஒரு சாதாரண லேப்டொப்பிடம் கொடுத்துப் பாருங்கள், உட்கார்ந்திருந்தே முடிவைக் காணலாம்.

நேரத்தை மறைத்தாலும் ஜாவாவின் அந்த வகுப்பு உங்களைக் காட்டிக்கொடுக்கும். உள்ளே இருப்பது 48 பிட் எண். நெக்ஸ்ட்இன்ட் என்று கேட்டால் அதன் மேல் 32 பிட்டை அப்படியே எடுத்துத் தருகிறது. மறைந்திருப்பது கீழேயுள்ள 16 பிட், அதாவது 65,536 சாத்தியம். அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, அடுத்து வந்த எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் முடிந்தது. அடுத்தடுத்து வாங்கிய இரண்டு வவுச்சர் போதும். மூன்றாவது வவுச்சரைக் கடைக்காரருக்கு முன்பே நாம் அறிந்துவிடலாம்.

நேரத்தை நம்பிக் கெட்டவர் பட்டியலில் நீங்கள் முதல் ஆள் அல்ல என்பது ஆறுதலாக இருக்கட்டும். 1995 இல் இணையத்தின் ராஜாவாக இருந்த நெட்ஸ்கேப் பிரவுசர், இரகசியத் தொடர்புக்கான சாவியை அன்றைய நேரத்திலிருந்தும் இரண்டு புரொசஸ் இலக்கங்களிலிருந்தும் (ஓடும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் கணினி கொடுக்கும் இலக்கம்) உருவாக்கியது. பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான இயன் கோல்ட்பர்க்கும் டேவிட் வாக்னரும் அதை உடைத்துக் காட்டினார்கள். 1999 இல் இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்லைன் போக்கர் நடத்திய நிறுவனம் ஒன்று, நாங்கள் சீட்டைக் கலக்குவது எவ்வளவு நேர்மையானது பாருங்கள் என்று மென்பொருளின் கோட் வரிகளைப் பகிரங்கமாகவே போட்டிருந்தது. 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய முறைகள் 68 இலக்கம் நீளமான ஓர் எண். ஆனால் விதை, நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லிசெக்கன். சேர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்திசைத்துக்கொண்ட ஆய்வாளர்கள் சாத்தியங்களைச் சுமார் 2 இலட்சமாகச் சுருக்கிவிட்டார்கள். கையில் இருக்கும் இரண்டு சீட்டும் மேசையில் விழுந்த மூன்றும் தெரிந்தால் போதும், எதிராளியின் கையும் இனி விழப்போகும் சீட்டும் அங்கேயே தெரிந்தன.

உங்களுக்கு நான் சொல்வது: செக்கியூர்ரேண்டமுக்கு மாறுங்கள், அதற்கு விதை கொடுக்கவே போகாதீர்கள். புண்ணியம் என்று நினைத்து நேரத்தை உள்ளே திணிக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இந்த வழியில் லொத்தர் இலக்கத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? (முச்சக்கர வண்டிச் சாரதி, ஆமர் வீதி)

வெளியில் நிற்கும் உங்களாலும் என்னாலும் முடியாது அண்ணே. உருண்டைகளைக் காற்றில் சுழற்றி எடுக்கும் குலுக்கலில் விதை என்று ஒன்றே இல்லை. கணினியால் குலுக்கும் இடத்தில், உள்ளே இருப்பவனால் முடியும். அமெரிக்காவில் பல மாநிலங்களின் லொத்தர்களை நடத்தும் சங்கத்தில் தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த எடி டிப்டன் என்பவரே குலுக்கும் மென்பொருளை எழுதினார். வருடத்தில் மூன்று குறிப்பிட்ட திகதிகளில், அன்று கிழமையும் நேரமும் பொருந்தி வந்தால், இலக்கங்கள் அவரால் முன்கூட்டியே கணக்கிடக்கூடியவையாக மாறும்படி சில வரிகளைச் சேர்த்துவிட்டார். 2010 டிசம்பர் 29 குலுக்கலில் 16.5 மில்லியன் டொலர் பரிசு விழுந்த சீட்டை வாங்கியதும் அவர்தான். வேறு ஆட்கள் மூலம் பணத்தை எடுக்கப் பார்த்து அகப்பட்டு, 2017 இல் 25 வருடம் வரையான சிறைத்தண்டனை. மீட்டர் போட்டு ஓடுவதே நிம்மதி.

கேள்வி: லினக்ஸ் சேர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ரேண்டம் எண் தரும் இரண்டு ஃபைல்களில் /டெவ்/ரேண்டம்தான் அசல், /டெவ்/யுரேண்டம் இரண்டாந்தரம் என்று எங்கள் சீனியர் அடித்துச் சொல்கிறார். என்ட்ரொபி (ஊகிக்க முடியாத தன்மையின் கையிருப்பு) தீர்ந்துவிடும் என்று தனியாக ஒரு மென்பொருளும் போட்டுவைத்திருக்கிறார். சரியா? (சிஸ்டம் அட்மின், ராஜகிரிய)

உங்கள் சீனியர் ஒருகாலத்துப் பழைய கையேட்டுப் பக்கத்தை மனப்பாடம் செய்த தலைமுறை. மரியாதையோடு மறுக்கலாம்.

கேர்னல், அதாவது ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின் கரு, செய்வது இதுதான். விசைப்பலகை தட்டும் நேரம், டிஸ்க்கும் நெட்வொர்க்கும் குறுக்கிடும் நேரம், சிப்பில் இருக்கும் கருவி தரும் எண்கள் என்று கிடைப்பதையெல்லாம் ஒன்றாகக் கலந்து ஹாஷ் செய்து (திரும்பப் பிரிக்க முடியாதபடி அரைத்து) ஒரு 256 பிட் சாவியாக்குகிறது. அந்தச் சாவியை வைத்து சாச்சா20 என்ற சைஃபரை (மறைகுறியாக்கும் முறையை) ஓட்டி, கேட்பவர்களுக்கெல்லாம் வழங்குகிறது. 256 பிட் சாவி ஒன்று நல்லபடி அமைந்துவிட்டால் அதிலிருந்து கிகாபைட் கணக்கில் எடுத்தாலும் தீராது. அதே சைஃபரால் மறைகுறியாக்கிய வீடியோவைப் பார்க்கும்போது சாவி தீர்ந்துவிடுமே என்று யாரும் பயப்படுவதில்லையே. 2020 இல் வந்த 5.6 கேர்னலிலிருந்து, ஒருமுறை ஆயத்தமான பிறகு ரேண்டமும் காத்திருக்க வைப்பதில்லை. மிச்சமுள்ள என்ட்ரொபியைப் பார்க்கும் ஃபைல் புதிய கேர்னல்களில் 256 என்று அசையாமல் நிற்கும். பழுது என்று டிக்கட் போட்டுவிடாதீர்கள்.

உண்மையான ஆபத்து இருப்பது பூட் ஆகும் முதல் சில செக்கன்களில். பெட்டி அப்போதுதான் விழித்திருக்கிறது, கலப்பதற்கு எதுவும் சேரவில்லை. யுரேண்டம் அப்போதும் கேட்டதைக் கொடுத்துவிடும். அதனால்தான் 2014 இல் 3.17 கேர்னலோடு கெட்ரேண்டம் என்ற அழைப்பு வந்தது. ஆயத்தமாகும் வரை அது காத்திருக்கும், பிறகு ஒருபோதும் காத்திருக்காது. அதையே பாவியுங்கள்.

சீனியரிடம் நீங்கள் கேட்கவேண்டியது வேறு ஒன்று: வேர்சுவல் மெஷினின் (மென்பொருளாக ஓடும் கணினியின்) ஒரு படிவத்தை எடுத்துப் பத்தாகப் பிரதி செய்கிறீர்களே, அந்தப் படிவத்துக்குள் தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழையப் பாவிக்கும் எஸ்எஸ்எச் சாவியும் சேமித்துவைத்த விதையும் இருக்கிறதா? இருந்தால் பத்துக்கும் ஒரே சாவி. படிவம் எடுக்க முன் இரண்டையும் அழியுங்கள், முதல்முறை பூட் ஆகும்போது புதிதாகப் பிறக்கட்டும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, கணினி தெரியாது. என் ஏடிஎம் இலக்கம் தேசிய அடையாள அட்டையின் முதல் நான்கு இலக்கம். யாருக்கும் சொன்னதில்லை. பாதுகாப்பா? (பம்பலப்பிட்டி)

டீச்சர், நாளைக்கே மாற்றிவிடுங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே உங்கள் நான்கில் முதல் இரண்டும் வருடம், அடுத்த இரண்டும் 50 க்கும் 86 க்கும் இடையில் ஒன்று. உங்கள் வயது தெரிந்தவனுக்கு 37 சாத்தியம், பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்கிறவனுக்கு ஒன்றே ஒன்று. 12 இலக்கப் புதிய அட்டை என்றால் முதல் நான்கும் பிறந்த வருடமேதான். அதன் போட்டோகொப்பி சிம் வாங்கின கடையிலிருந்து கிராம சேவகர் அலுவலகம் வரை எங்கெல்லாம் கிடக்கிறதோ.

மனதில் தோன்றுவதை எழுதினாலும் வருடமும் வீட்டு இலக்கமும்தான் வந்து நிற்கும். வீட்டில் தாயக்கட்டை இருக்கிறதா? ஒரு கட்டையை உருட்டுங்கள்: 0, 1, 2, 3 இல் ஒன்று விழும். அதை நான்கால் பெருக்குங்கள். மறுபடி உருட்டி விழுந்ததைக் கூட்டுங்கள். 0 முதல் 15 வரை ஏதோ ஒன்று வரும். 10 அல்லது மேல் என்றால் எறிந்துவிட்டு முதலிலிருந்து. 9 வரை என்றால் அதுவே உங்கள் முதல் இலக்கம். இப்படி நான்கு இலக்கம். வெள்ளவத்தைத் தங்கச்சிக்கு 250 இலிருந்து எறியச் சொன்னேனே, அதே கணக்குத்தான். வந்த இலக்கம் பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டுவது மட்டும் கூடாது. பிடித்தமாக இருக்கவேண்டும் என்ற ஆசை வந்தவுடன் பழைய வருடங்கள் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

கேள்வி: ஏஐ சட்பொட்டிடம் கேட்டுக் கடவுச்சொல் எடுக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

வேண்டாம். தான் வாசித்த எழுத்துகளில் எதற்குப் பின் எது வரும் என்று கற்றுக்கொண்ட மென்பொருள் அது. கடவுச்சொல் போலத் தோற்றமளிக்கும் ஒன்றைத் தரும், அதே பாணியில் இன்னொருவருக்கும் தரும். போதாததற்கு அந்தக் கடவுச்சொல் உங்கள் உரையாடல் வரலாற்றிலும் குந்தியிருக்கும். பாஸ்வேர்ட் மனேஜரில் இருக்கும் உருவாக்கும் பொத்தானை அழுத்துங்கள்.

கேள்வி: வீட்டுக் கேட்டைத் தொலைபேசியால் திறக்கும் கருவி ஒன்று செய்திருக்கிறேன். கேட் ஒரு ரேண்டம் எண்ணை அனுப்பும், தொலைபேசி இரகசியச் சாவியால் அதற்குப் பதில் தரும். ஆர்டுவினோ என்ற சிறு கணினிப் பலகையில், எதனோடும் இணைக்காமல் வெறுமனே விட்ட அனலொக் பின்னை வாசித்து அதை விதையாகக் கொடுத்தேன். எல்லா டியூட்டோரியலிலும் அப்படித்தான் இருக்கிறது. போதுமா? (மாணவன், மொரட்டுவ)

டியூட்டோரியல்காரர் எல்இடி மினுக்கக் கற்றுக்கொடுக்க எழுதினார் தம்பி, கேட் பூட்ட அல்ல. ஆர்டுவினோ ஊனோவில் அந்த வாசிப்பு 0 முதல் 1023 வரைதான். கொடுத்துவைத்த நாளில்கூட 1,024 விதைகள்; வெறும் பின் பெரும்பாலும் ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே ஆடிக்கொண்டிருக்கும் என்பதால் உண்மையில் அதையும் விடக் குறைவு. கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் கருவி புதிதாக ஆரம்பிக்கும். வெளியே நின்று கேட்டின் எண்ணையும் உங்கள் தொலைபேசியின் பதிலையும் பதிவு செய்துகொண்டவன், அதே எண் மறுபடி வரும்வரை பொறுத்திருந்தால் போதும். சாவியே தேவையில்லை, பழைய பதிலைத் திருப்பிப் போடுவான்.

இஎஸ்பி32 போர்டுக்கு மாறுங்கள், அதன் சிப்பிலேயே ரேண்டம் எண் தரும் கருவி உண்டு. ஒரு நிபந்தனை: வைஃபை அல்லது புளூடூத் இயங்கும்போதுதான் அது உண்மையான ரேண்டம் என்று தயாரிப்பாளரின் ஆவணம் சொல்கிறது. ரேடியோவின் இரைச்சலிலிருந்துதான் எடுக்கிறது. மின்சாரம் மிச்சம் பிடிக்க ரேடியோவை அணைத்துவிட்டு எண் கேட்காதீர்கள். உங்கள் கருவி எப்படியும் தொலைபேசியோடு கதைக்கவேண்டும் என்பதால் இது பாரமில்லை.

இந்தச் சின்னப் பெட்டிகளின் வியாதியை ஒரு பெரிய ஆய்வே காட்டியது. 2012 இல் நாடியா ஹெனிங்கர், ஸாகிர் டுருமெரிக், எரிக் வுஸ்ட்ரோ, அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகியோர் இணையம் முழுவதையும் வருடி, கிடைத்த பகிரங்கச் சாவிகளைச் சேகரித்தார்கள். ஆர்எஸ்ஏ சாவி என்பது இரண்டு பெரிய முதன்மை எண்களின் பெருக்கம். பிரித்தெடுப்பது கடினம் என்பதே அதன் காவல். ஆனால் ரவுட்டர், ஃபயர்வோல் போன்ற பெட்டிகள் பூட் ஆன கையோடு, கலப்பதற்கு எதுவும் சேர முன்பே சாவி செய்துவிடுகின்றன. இரண்டு பெட்டிகளுக்கு ஒரே முதன்மை எண் விழுந்துவிடுகிறது.

அப்படி விழுந்தால் என்ன நடக்கும்? ஒரு தாளை எடுங்கள். ஒரு பெட்டியின் சாவி 2021, மற்றதன் சாவி 2279 என்று வைப்போம். எதையும் பிரித்தெடுக்க முயல வேண்டாம், சாதாரண தரத்தில் படித்த பொதுக் காரணி போதும். 2279 இலிருந்து 2021 போக 258. 2021 ஐ 258 ஆல் வகுத்தால் மீதி 215. 258 இலிருந்து 215 போக 43. 215 ஐ 43 சரியாக வகுக்கிறது. ஆக 43 இரண்டுக்கும் பொது: 2021 என்பது 43 பெருக்கல் 47, 2279 என்பது 43 பெருக்கல் 53. இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் உடைந்தன. நூற்றுக்கணக்கான இலக்கம் உள்ள எண்ணாக இருந்தாலும் வேலை இதேதான், கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாது. அவர்கள் பார்த்த பாதுகாப்பான இணையச் சேர்வர்களில் 0.5 வீதமானவற்றின் இரகசியச் சாவி இப்படியே கையில் கிடைத்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சாவியும் அழகாகத்தான் இருந்தது.

கேள்வி: சிப் தயாரிப்பவர்களும் அமெரிக்க உளவுத்துறையும் ரேண்டம் எண்ணில் கள்ளவாசல் வைத்திருக்கிறார்களாமே? (மாளிகாவத்தை)

சிப்பில் வைத்ததாக நிரூபணம் இல்லை. தர நிர்ணயத்தில் நடந்தது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2006 இல் அங்கீகரித்த டுவல் ஈசி என்ற ரேண்டம் எண் முறையில் இரண்டு மாறிலிகள் எங்கிருந்து வந்தன என்று விளக்கமே இல்லை. அவற்றைத் தெரிவுசெய்தவர் விரும்பினால் பின்னால் வரும் எண்களைக் கணிக்க முடியும் என்று மைக்ரோசொஃப்டைச் சேர்ந்த டான் ஷூமோவும் நீல்ஸ் ஃபெர்கசனும் 2007 இலேயே காட்டினார்கள். 2013 இல் எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்ட உளவுத்துறை ஆவணங்கள் வந்த பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். 2014 இல் என்ஐஎஸ்டி அதைக் கைவிட்டது.

சதியைவிடச் சாதாரணப் பழுதுதான் அதிகம். 2019 இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 3000 புரொசசர் வரிசையில், ரேண்டம் எண் கேட்டால் எல்லாப் பிட்டும் ஒன்றாகவே திரும்பி வந்தன. சில லினக்ஸ் கணினிகள் பூட் ஆகவே மறுத்துத்தான் விஷயம் வெளிவந்தது. ஒரே ஊற்றை நம்பாமல் பலவற்றைக் கலக்கும் பழக்கம் கேர்னலுக்கு இருப்பது இதற்காகத்தான். ஒன்று கெட்டாலும் மற்றவை காக்கும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பழைய பிஎச்பி கோட் மலைபோல இருக்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது? (அணித்தலைவர், கொள்ளுப்பிட்டி)

ரேண்ட், எம்டி_ரேண்ட், எஸ்டிஆர்_ஷஃபிள், யுனிக்ஐடி ஆகிய நான்கையும் தேடுங்கள். முதல் மூன்றும் மெர்சென் ட்விஸ்டர் குடும்பம். யுனிக்ஐடி பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம், மைக்ரோசெக்கன் நேரத்தையே எழுத்தாக்கித் தருகிறது. அதை எம்டி5 என்ற ஹாஷ் முறையில் போட்டு எடுத்திருப்பதையும் காண்பீர்கள். நேரத்தை ஹாஷ் செய்தால் ஹாஷ் செய்த நேரம்தான் கிடைக்கும், எதிரியும் அதையே ஹாஷ் செய்துகொள்வான். முகப்புப் படத்தை மாற்றி மாற்றிக் காட்டவோ பரீட்சை வினாக்களைக் கலக்கவோ பாவித்திருந்தால் அப்படியே விடுங்கள். கடவுச்சொல் மீட்கும் லிங்க், செஷன், ஏபிஐ சாவி, வவுச்சர் என்று யாராவது ஊகித்தால் நட்டம் வரும் இடங்களை மட்டும் மாற்றுங்கள். 2015 இல் பிஎச்பி 7 உடன் வந்த ரேண்டம்_இன்ட், ரேண்டம்_பைட்ஸ் இரண்டும் போதும். டோக்கனுக்கு 16 பைட், அதாவது 128 பிட். அதற்குமேல் கஞ்சத்தனமும் வேண்டாம், ஊதாரித்தனமும் வேண்டாம்.

மாற்றுகிறவர் யாராக இருந்தாலும், புரியாத வரியை அழகுக்காக நீக்கக்கூடாது என்று சொல்லிவையுங்கள். 2006 இல் டெபியன் லினக்ஸில், சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டுகிறதே என்று ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க மென்பொருளின் இரண்டு வரிகளை நிறுத்திவைத்தார்கள். விதையைக் கலக்கும் வேலையையே அது முடக்கிவிட்டது. மிஞ்சியது புரொசஸ் இலக்கம் மட்டும், 32,768 சாத்தியம். 2008 மே மாதத்தில் லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும் வரை டெபியனிலும் உபுண்டுவிலும் பிறந்த சாவிகளை எல்லாம் ஒரு பட்டியலில் எழுதிவிடலாம் என்ற நிலை. சோதனைகள் எல்லாம் பாஸாகிக்கொண்டே இருந்தன.

அங்கே கோட்டைத் திருத்தியதோடு வேலை முடியவில்லை, அந்த இருபது மாதத்தில் செய்த ஒவ்வொரு சாவியையும் தேடித் தேடி எறியவேண்டியிருந்தது. உங்களுக்கும் அப்படித்தான். புதிய கோட் ஏறும் அதே இரவில் பழைய கோட் கொடுத்த செஷன்களையும் மீட்பு லிங்குகளையும் இரத்துச் செய்யுங்கள். வாடிக்கையாளர்களிடம் இருக்கும் ஏபிஐ சாவிகளுக்கு ஒரு கெடுத்திகதி கொடுத்துப் புதிதாக வழங்குங்கள். மறுநாள் காலை எல்லாரும் லொகின் பண்ணமுடியவில்லை என்று அழைப்பார்கள். தொலைபேசிக்குப் பொறுப்பாக இருக்கும் பிள்ளைக்கு முதல்நாளே சொல்லிவிடுங்கள்.